கவ்வாத்துத் தலை

8 ஜனவரி 1956, ஞாயிறு

மழை இல்லை, பனி மட்டும். கடைத்தெருவுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று மனைவி வேலாயியிடம் சொல்லிவிட்டுப் போனேன். வெட்டாமல் வந்தேன்.

அந்தச் சலூனில் நாற்காலி சுழலும். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. உட்கார்ந்தால் நம் தலை ஒன்றன்பின் ஒன்றாக எங்கோ போய்க்கொண்டே இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வரிசையைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருவனே ஆசிரியன். சலூனுக்குக் கோட் போட்டுக்கொண்டுதான் போவேன், யார் மகன் என்று எவரும் கேட்டதில்லை. இன்று சலூன்காரன் முத்துலிங்கம் என் கழுத்தில் துணியைக் கட்டி, தலையில் தண்ணீர் தெளித்து, சீப்பையும் எடுத்துவிட்டான். அப்போது எங்கள் தோட்டத்து அழகுமுத்து கங்காணி உள்ளே வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. கண்ணாடிக்குள் இருந்த என்னைப் பார்த்தபடி அவனிடம் பேசினார்.

"என்னப்பா முத்துலிங்கம், பள்ளத்து லயத்து மாயாண்டி மவனுக்கும் இதே நாக்காலிதானா?"

பள்ளத்து லயம் என்றால் என்ன என்று இங்கே யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. கடல் தாண்டி வரும்போது எங்கள் ஆட்கள் வீடு, நிலம், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். சாதியை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டார்கள். தோட்டம் கருணையோடு அதற்குத் தனியாக ஒரு லயம், ஒரு வரிசை வீடுகள், கட்டிக் கொடுத்தது.

முத்துலிங்கம் துணியை அவிழ்த்தான். "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். கங்காணிமாரு வூட்டு ஆம்பளைங்க அத்தன பேரும் இங்கதான் வர்றாங்க. அவங்க வரலேன்னா நான் யாரு தலைய வெட்டுறது?"

மெதுவாகத்தான் சொன்னான். அவனுடைய பொருளாதாரத்தில் பிழை இல்லை.

நனைந்த தலையோடு நடந்து வந்தேன். தடிமன் பிடித்திருக்கிறது.

22 ஜனவரி

சின்ன வயதில் எனக்கும் தம்பி பழனியாண்டிக்கும் அப்பாதான் முடி வெட்டுவார். பகல் முழுதும் மலையில் கவ்வாத்து வெட்டும் கை அது. தேயிலைச் செடியின் தலையை நறுக்குவதுபோலவே எங்கள் தலையையும் நறுக்குவார்: மேலே மட்டமாக, பின்னால் ஒரு படி. தாடையைக் கட்டைவிரலால் பிடித்து நிமிர்த்திக்கொண்டு, "ஆடாதடா, காது போயிரும்" என்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கவ்வாத்துத் தலை' என்று பெயர். அந்தப் பெயரிலிருந்து தப்பிக்கத்தான் படித்தேன் என்றும் சொல்லலாம். படித்து, ஆசிரியனாகி, சம்பளம் வாங்கி, சலூன் நாற்காலி வரை வந்தேன். அதற்குமேல் நாற்காலி சுழலவில்லை.

அப்பா இப்போது வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் பழனியாண்டியோடு இருக்கிறார். மூச்சிளைப்பு. அவரிடம் இதை எழுதவில்லை. எப்படி எழுதுவது? 'உங்கள் பெயரைக் கேட்டதும் எழுப்பிவிட்டார்கள்' என்றா?

5 பிப்ரவரி

கத்தரிக்கோலும் சவரக்கத்தியும் வாங்கிவிட்டேன். இனி என் தலைக்கு நானே அதிகாரி.

வேலாயி சொன்னாள்: "வூட்டுக்குள்ள மயிரு விழக்கூடாதுங்க, தரித்திரம். வெளிய போயி என்னாத்தயாச்சும் பண்ணுங்க."

வீட்டுக்குள் தரித்திரம் இல்லை என்று இவ்வளவு நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

12 பிப்ரவரி, ஞாயிறு

தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள இரண்டு கண்ணாடியும் மூன்று கையும் வேண்டும். என்னிடம் ஒரு கண்ணாடியும் இரண்டு கையும் இருந்தன.

விடிந்தும் விடியாமலும் லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடிக்குப் போனேன். கண்ணாடியைக் கல்லில் சாய்த்து வைத்தேன். கத்தரியை ஒரு பக்கம் கொண்டுபோக நினைத்தால் கண்ணாடியில் அது மறுபக்கம் போகிறது. வலக்காதுக்கு மேல் சற்று அதிகமாகப் போய்விட்டது. சமன் செய்வதற்காக இடப்பக்கம் எடுத்தேன். அது இன்னும் அதிகமாயிற்று. மறுபடி வலம். இப்படி இரு தரப்பும் விட்டுக்கொடுத்து உச்சந்தலையில் சந்தித்தன. பின்னால் தடவிப் பார்த்தேன். மலைக்குப் போகும் படிக்கட்டு. அப்பாவின் வேலை மட்டமாக இருக்கும் என்று போன மாதம் எழுதினேன். அது புகழ்ச்சி என்று இன்றுதான் தெரிகிறது.

வேறு வழியில்லை. சவரக்கத்தியை எடுத்து முழுவதையும் வழித்தேன். பீலியில் தலையைக் கொடுத்துக் குளித்து, ஈர வேட்டியோடு நிமிர்ந்தால் எதிரே அடுத்த காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு அக்கா குடத்தோடு நிற்கிறார்.

விடிகாலை. மொட்டை. ஈர வேட்டி. அப்பாவுக்கு இளைப்பு என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும்.

குடம் கீழே விழுந்தது.

"அய்யோ, மாயாண்டி அண்ணே! போயிட்டீங்களா!"

"அக்கா, அப்பா நல்லாத்தான் இருக்காரு."

"இனிமே நல்லாத்தான் தம்பி இருப்பாரு! இனிமே அவருக்கு என்னா கொறச்ச!" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு வேலாயி வெளியே வந்தாள். என் தலையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஓடி வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நாள் முழுதும் மறுத்தேன். "அப்பா சாகவில்லை" என்றேன். "பாவம், மனசு ஏத்துக்க மாட்டேங்குது" என்றார்கள். துக்கக்காரன் அப்படித்தான் சொல்வானாம். குரலை உயர்த்தினால் இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் அப்பா இறந்துவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை.

13 பிப்ரவரி

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திவைத்து அழகுமுத்து கங்காணி பேசினாராம். "இந்த மலையில மாயாண்டி கை படாத செடி ஒண்ணு இல்ல. அந்த மாதிரி கவ்வாத்துக்காரன் இனி பொறக்கணும்." ஜனவரியில் மாயாண்டியின் மகன் நாற்காலிக்கு ஆகாதவன். பிப்ரவரியில் அவர் மலைக்கே பெருமை. இடையில் அவர் செய்த ஒரே காரியம் இறந்தது. அதையும் அவர் செய்யவில்லை.

ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் டக்ளஸ் நான் வாயைத் திறக்குமுன் எழுந்து நின்றார். "துரை மூன்று நாள் லீவு குடுத்திட்டார், மாஸ்டர். அனுதாபமும் சொல்லச் சொன்னார்."

"ஐயா, அப்பா உசுரோட இருக்காருங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் அவருக்குச் சங்கடம். "துரை ஒருத்தருக்கு அனுதாபம் சொன்னதை என்ட சர்வீசில் இப்பதான் பார்க்கிறன். அதை நான் திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கவா? லீவை எடுத்துக்கொண்டு போங்க."

இருட்டும் நேரத்தில் முத்துலிங்கம் பின்பக்கமாக வந்தான். அவனுக்கும் வருத்தம். "மொட்டைக்கு என்னைக் கூப்புட்டிருக்கலாமே மாஸ்டர். சாவுன்னா கடைய சாத்திப்புட்டு யாருக்கும் தெரியாம வந்திருப்பேனே. பின்னால பாருங்க, நாலு எடத்துல வெட்டியிருக்கு."

அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தோம். குடிக்கவில்லை. நின்றுகொண்டே ஆறவைத்துவிட்டுப் போனான்.

16 பிப்ரவரி

துக்க லீவில் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. திம்புள்ளைப் பக்கம் இருக்கும் வீரய்யா மாமா, அம்மாவின் தம்பி, நேற்று முன்தினமே கோடி வேட்டியும் மாலையுமாக வலப்பனைக்குப் போயிருக்கிறார். அப்பா லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாராம்.

"மாலை யாருக்கு மாப்புள?"

"ஒங்களுக்குத்தான் மச்சான்."

"யாரு சொன்னா?"

"ஒங்க மூத்தவன் மொட்டை போட்டுட்டான்."

அப்பா மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேட்டியை வாங்கிக்கொண்டார். நான் போனபோது அதைத்தான் கட்டியிருந்தார். நல்ல துணி.

காலில் விழுந்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தம்பியிடம் பேசினார்.

"பழனியாண்டி, செத்தவன் பேசமாட்டான்னு அவங்கிட்ட சொல்லு."

"அப்பா, தப்பா நெனச்சுட்டாங்க. நான் முடி வெட்டத்தான்..."

"சலூன்காரனும் செத்துட்டானான்னு கேளு."

பதில் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் என் மொட்டைக்குக் காரணம் அவர் என்று ஆகிவிடும். உண்மையும் அதுதான். ஆகையால்தான் சொல்லவில்லை.

தேத்தண்ணி வந்தது. "செத்தவனுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். இருமல் நடுவில் வந்து பாதியைக் கொட்டியது. நெஞ்சு உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. ரொம்ப இளைத்துவிட்டார்.

புறப்படும்போது சுவரிடம் சொன்னார்: "முடி வளரட்டும். எண்ணெ வச்சு, வகிடு எடுத்து, முன்ன மாதிரி வரட்டும். அப்ப நான் இருந்தா பேசுறேன்."

நகைச்சுவை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை.

26 பிப்ரவரி

தந்தையைக் கொன்ற மகன்கள் உலக இலக்கியத்தில் நிறைய. தலைமுடியை வெட்டிக் கொன்றவனை இதுவரை படித்ததில்லை.

11 மார்ச்

சொரசொரப்பு. வேறொன்றுமில்லை.

முடி வளர்வது நம் கையில் இல்லாத வேலை. நல்லெண்ணெய், கரிசலாங்கண்ணி, வெங்காயச் சாறு எல்லாம் வேலாயி தடவிப் பார்த்துவிட்டாள். அந்த நாற்றத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யாரும் என் பக்கத்தில் வருவதில்லை.

25 மார்ச்

வலப்பனைப் பக்கம் போய்வந்த ஒருவர் மூலம் பழனியாண்டி சொல்லியனுப்பியிருக்கிறான்: இளைப்பு கூடியிருக்கிறது, பயப்பட வேண்டாம். இரண்டாவது பகுதி எதற்கு?

8 ஏப்ரல்

நாட்டில் தேர்தல் நடந்துகொண்டிருக்கிறது. கடைத்தெருவில் கொடிகள். எங்களுக்கு ஓட்டு இல்லை. ஆகையால் ஏமாற்றமும் இல்லை. அப்பா நாற்பத்தேழில் ஓட்டுப் போட்டவர். அதற்குப் பிறகு சட்டம் போட்டு எங்கள் குடியுரிமையை எடுத்துவிட்டார்கள், அவர் இந்த நாட்டில் இல்லை என்று முடிவாயிற்று. அவர் இதே மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டுதான் இருந்தார். இருக்கும்போதே இல்லாமல் போவது அவருக்கு இது முதல்முறை அல்ல. முன்பு செய்தது அரசாங்கம். அதனிடம் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கு முடி வளரவேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை.

15 ஏப்ரல்

வருஷப்பிறப்புக்கு வலப்பனை போனேன். அப்பா உள்ளே படுத்திருந்தார். வாசலைத் தாண்டவில்லை நான். உள்ளிருந்து குரல்:

"கண்ணு சரியாத் தெரியல. வகிடு இருக்கா பாரு."

பழனியாண்டி என் தலையைப் பார்த்தான். மனமார ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் நேர்மையானவன், கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூட அவனை நம்புவார்கள்.

"இன்னும் இல்லப்பா. குத்திக்கிட்டு நிக்குது."

"அப்ப சோறு தின்னுட்டுப் போகச் சொல்லு."

சாப்பிட்டேன். பாயசம் இருந்தது. உள்ளே இருமிக்கொண்டே இருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். ஏன் உட்காரவில்லை? ஒரு ஆள் சுவரைப் பார்த்துப் பேசினால் நாம் இந்தப் பக்கம் உட்காரக்கூடாதா? வீம்பு. எனக்கும்தான்.

6 மே

சீப்பு வைத்தால் நிற்கிறது, படியவில்லை. இன்னும் ஒரு மாதம் என்கிறாள் வேலாயி. ஜூன் முதல் ஞாயிறு போவதாக இருக்கிறேன்.

17 மே, வியாழன்

இதை எப்படி எழுதுவது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அழகுமுத்து கங்காணி எதிரே வந்தார். நல்ல மனநிலை. நின்று பேசினார்.

"மாஸ்டர், இந்த பஸ்காரனுங்க கூத்தக் கேளுங்க. நேத்து கடைத்தெருவுல ஒரு கண்டக்டரு வந்து, 'மாயாண்டி செத்துட்டாரு, மகனுக்குச் சொல்லிருங்க'ங்கிறான். நான் சொன்னேன், 'ஏண்டா, மூணு மாசத்துக்கு மின்ன செத்த மனுசனுக்கு இப்பதான் சேதி கொண்டாறியா? பெரட்டுல பேசினதே நாந்தான்'னு. நாங்க எல்லாம் சிரிச்சோம்."

நான் சொன்னேன், எங்கப்பா அப்ப சாகல. என்னா சொன்னேன்னே தெரியல. கத்திட்டேன் போலருக்கு. அவர் பின்னால் நகர்ந்தார்.

"அப்ப... நான் பேசினது?"

அதுதான் அவருக்குக் கவலை. உசுரோட இருந்த ஆளுக்கு எரங்கல் பேசிட்டமேன்னு.

நேத்து. நேத்து சொல்லியிருந்தா போயிருப்பேன். அடக்கம் நேத்து சாயந்தரம்னு கண்டக்டரு சொல்லியிருக்கான். கடைசி பஸ்ஸும் போயிருச்சு. வேலாயி அடுப்பப் பத்த வைக்கல.

20 மே, ஞாயிறு

லீவு கேட்கவில்லை. என் தந்தையின் மரணத்துக்கான லீவை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். டக்ளஸ் ஐயாவை மறுபடி சங்கடப்படுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போனேன்.

தேயிலைக்கு நடுவில் மண்மேடு. மேலே பாதி வாடிய சாமந்தி. கவ்வாத்து வெட்டிய மலை பக்கத்தில் தழைத்து நிற்கிறது.

பழனியாண்டி மொட்டை அடித்திருந்தான். அவனே அடித்துக்கொண்டானாம், நம்மிடம் யார் வருவார்கள். நானும் கத்தியைக் கேட்டேன். வீரய்யா மாமா தடுத்துவிட்டார். "ஒனக்கு ஆயிருச்சுப்பா. ஒரு அப்பனுக்கு ரெண்டு மொட்டையா? நீ மறுக்கா அடிச்சா வூட்டுல இன்னொரு உசுரு போயிரும்." அங்கிருந்த பெரியவர்களும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்கள். சாஸ்திரம் அப்படியாம். என் தலை முடிந்த கணக்கு.

போகலாம் என்று எழுந்தபோது தம்பி பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தான். அப்பாவின் பழைய கத்தரிக்கோல். எங்கள் காதுகளுக்குத் தெரிந்த அதே கத்தரிக்கோல். பிடியில் புதுத் துணி சுற்றியிருந்தது. வாய் பளபளத்தது.

"சாணை புடிச்சு வச்சிருந்தாருண்ணே. ஒன் முடி வளந்து வந்ததும் வெட்டணும்னு."

எனக்கு விளங்கவில்லை.

"சலூன்ல ஒன்ன எறக்கிவிட்டத மாமா கேள்விப்பட்டு அப்பாகிட்ட சொல்லிட்டாரு. சித்திரைக்கு மின்னவே. அப்பா அன்னைக்கி ராத்திரிதான் கேட்டாரு, 'அங்க எதுக்குப் போனான்? நான் வெட்டிவிட மாட்டனா?'ன்னு. அந்தப் பக்கமிருந்து ஆரு வந்தாலும், 'அவனுக்கு முடி வளந்துருச்சா'ன்னு அதத்தான் கேப்பாரு."

வருஷப்பிறப்பன்று வகிடு இருக்கிறதா என்று கேட்டது இதற்குத்தான். நான் அதைத் தண்டனை என்று நினைத்து வாசலில் நின்று பாயசம் குடித்தேன்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"'அவனே வந்து பாத்துக்கிரட்டும்'னாரு."

3 ஜூன்

போவதாக இருந்த ஞாயிறு. போகவில்லை.

15 ஜூலை

கடைத்தெருவில் முத்துலிங்கம் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். கங்காணி எதிரே வந்தால் குடையைத் தாழ்த்திக்கொள்கிறார். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

19 ஆகஸ்ட்

மழை. மழை.

9 செப்டம்பர், ஞாயிறு

முடி பழைய அளவுக்கு வந்துவிட்டது. வேலாயிதான் பார்த்துச் சொன்னாள். எண்ணெய் வைத்தேன். வகிடு எடுத்தேன். நேராக விழுந்தது. கோட்டையும் போட்டுக்கொண்டேன். வலப்பனைப் பக்கம் போகும் பஸ்ஸின் சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு அப்பாவின் கத்தரிக்கோலை எடுத்தேன். வெளியே மழை, பீலியடிக்குப் போகவில்லை. காம்பராவுக்குள்ளேயே வெட்டினேன். முடி தரையெல்லாம் விழுந்தது. வேலாயி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கட்டத்தில் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பின்பக்கத்தை அவளே வெட்டினாள். மேலே மட்டமாக, பின்னால் ஒரு படி. எப்படி வரவேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாணை நன்றாகத்தான் பிடித்திருக்கிறார்.

10 செப்டம்பர், திங்கள்

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை பக்கம் திரும்பியபோது பின்னால் யாரோ மெல்ல, "கவ்வாத்து" என்றார்கள். நான் திரும்பவில்லை.

சாயங்காலம் பீலியடியில் அம்மாக்கண்ணு அக்கா. என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

"யாரு தம்பி இப்புடி வெட்டுனது?"

"அப்பா" என்றேன்.

"ஒங்களுக்கு எப்பவும் வெளையாட்டுத்தான். அவரு போயித்தான் ஏழு மாசம் ஆச்சே" என்று சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தார்.

குடம் நிறையத் தண்ணீர். சிந்தாமல் நடந்து போனார்.